ஜோன் கிரியர்சன்: தேயிலை வரியும் திரைக்கலையும்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் செல்லும் மலைப்பாதையில், மார்கழி தொடங்கி வைகாசி வரை சிவனொளிபாத யாத்திரிகர்கள் சாரி சாரியாகச் செல்வதை மலையக மக்கள் யாவரும் அறிவர். இருமருங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை மலைகள். அவற்றினிடையே லயன் வரிசைகள். அனைத்துக்கும் மேலே முகில் தோயும் சிகரம். 1934 ஆம் ஆண்டில் அச்சிகரத்தை நோக்கி ஏறிய அடியார் கூட்டத்தைப் படமெடுக்க இரண்டு ஆங்கில இளைஞர் வந்து சேர்ந்தனர். ஒருவர் பசில் ரைட். மற்றவர் அவருக்குத் துணையாக வந்த ஜோன் டெய்லர். இவ்விருவரையும் அனுப்பி வைத்தவர் டெய்லரின் தமக்கையை மணந்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். அவரே ஜோன் கிரியர்சன்.

படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. 1932 இல் தோன்றிய அச்சபையின் வருவாய், ஏற்றுமதித் தேயிலை மீது சட்டப்படி அறவிடப்பட்ட வரியாகும். கொழுந்து கொய்த கைகளின் உழைப்பே வரியாகிப் படச்சுருளாயிற்று எனலாம். பொதுப்பணம் திரைக்கலையை வளர்க்க வேண்டும் என்று தம் வாழ்நாள் முழுதும் வாதாடிய ஒருவரின் வரலாற்றில், மலையகத்துக்கும் இவ்வாறு ஓர் இடம் உண்டு.

கிரியர்சன் 1898 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள் ஸ்கொட்லாந்தின் டீன்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். அன்னையாரும் ஆசிரியத் தொழில் புரிந்தவர்; மாதர் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தவர். முதலாம் உலகப் போரில் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களில் பணிபுரிந்த பின்னர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தத்துவமும் இலக்கியமும் கற்றார். 1924 இல் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவி பெற்று அமெரிக்கா சென்றார். பல நாட்டு மக்கள் குடியேறி வாழ்ந்த சிகாகோ நகரிலே பொதுமக்கள் கருத்து எவ்வாறு உருவாகிறது என்பதை ஆராய்ந்தார். ஏட்டுக் கல்வி எட்டாத இடத்தையும் சினிமா எட்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1926 இல் பிளாஹர்ட்டியின் 'மோனா' என்ற படத்தைப் பற்றி ஒரு நியூயோர்க் பத்திரிகையில் எழுதியபோது, நாம் இன்று விவரணப் படம் என வழங்கும் வகைக்கு உரிய ஆங்கிலச் சொல்லை அவர் கையாண்டார். அச்சொல் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

மீனும் திறைசேரியும்

1927 இல் தாயகம் திரும்பிய கிரியர்சன், சேர் ஸ்டீபன் டாலன்ட்ஸ் என்பாரின் ஆதரவில் பேரரசு வாணிப சபையில் அமர்ந்தார். பிரித்தானியப் பேரரசின் விளைபொருள்களுக்கு விளம்பரம் தேடுவதே அச்சபையின் தொழில். அரசாங்கப் பணத்தில் படம் எடுப்பதென்றால் திறைசேரியின் வாயிலைக் கடந்தாக வேண்டுமன்றோ? அக்காலத்தில் திறைசேரியின் நிதிச் செயலாளராயிருந்த ஆர்தர் சாமுவேல், ஹெரிங் மீனைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். கிரியர்சனும் டாலன்ட்சும் அம்மீன்பிடித் தொழிலையே படத்தின் பொருளாகக் கொண்டனர். வாயில் திறந்தது. 1929 இல் 'டிரிப்டர்ஸ்' என்னும் அப்படம் வெளியாயிற்று.

இதனை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடலாகாது. அந்நாளைய ஆங்கிலப் படங்களில் தொழிலாளி பெரும்பாலும் நகைப்புக்குரிய பாத்திரமாகவே தோன்றினான். வலை இழுக்கும் சாதாரண மீனவனையே கதாநாயகனாக்கிக் காட்டியது கிரியர்சன் செய்த புதுமை. இளைஞர் பலர் அவரை நாடி வந்தனர். 1933 இல் வாணிப சபை கலைக்கப்பட்டபோது, டாலன்ட்சின் முயற்சியால் படப்பிரிவு முழுவதும் தபாற் பகுதிக்கு மாறியது. இலங்கைப் படம் இந்த மாற்றத்தின் நடுவே உருவானது.

இலங்கையின் பாடல்

தேயிலைச் சபை வேண்டியவை நான்கு சிறு பயணப் படங்களே. பசில் ரைட் கொண்டு சென்றதோ ஒரு நாட்டின் ஆன்மாவைத் தேடும் ஒரே படம். நான்கு பகுதிகளாக அமைந்த 'இலங்கையின் பாடல்' சிவனொளிபாத யாத்திரையோடு தொடங்கி, கிராம வாழ்வையும் வாணிபத்தின் ஓசையையும் காட்டி, நடனத்தோடு நிறைவுறுகின்றது. 17 ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபட் நொக்ஸின் நூற்பகுதிகளை, கொழும்பு நகரின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசித்தளித்தார். பணம் கொடுத்தோருக்கு வெளிப்படையான விளம்பரம் அதில் இல்லை. எனினும் தயாரிப்பாளரான கிரியர்சன் கலைஞனின் கையைக் கட்டிப்போடவில்லை. 1935 இல் பிரசல்ஸ் நகரப் படவிழாவில் அப்படம் முதற் பரிசு பெற்றது.

ஆயினும் மலையகத்து வாசகர் உள்ளத்தில் ஒரு வினா எழாமற் போகாது. மூன்றாம் பகுதியில் உழைப்பின் காட்சிகள் ஓட, சந்தை விலையும் வாணிபச் செய்திகளும் ஒலிக்கின்றன. இலாபம் பேசும் குரலையும் உழைக்கும் உடலையும் எதிரெதிரே நிறுத்தியது அருமையான உத்திதான். ஆனால் கொழுந்து கொய்யும் தமிழ்ப் பெண்ணுக்கு அதில் குரல் இல்லை. லயன் அறையின் உள்ளே கெமரா செல்லவுமில்லை. அதே 1935 இல், கிரியர்சனின் நண்பர்கள் இலண்டன் சேரி மக்களைக் கெமராவின் முன் நிறுத்தி, அவர்தம் குறைகளை அவர்தம் வாயாலேயே கூறச் செய்தனர். சேரிவாசிக்குக் கிட்டிய வாய்ப்பு தோட்டத் தொழிலாளிக்குக் கிட்டவில்லை. வரி அவளுடைய உழைப்பிலிருந்து வந்தது. அதனை எவ்வாறு செலவிடுவதென்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கவில்லை.

கனடாவும் பின்னரும்

1938 இல் கனடா அரசு கிரியர்சனை அழைத்து ஆலோசனை கேட்டது. அவர் அளித்த அறிக்கையின் பயனாக 1939 இல் தேசியத் திரைப்படச் சட்டம் நிறைவேறிற்று. கனடாத் தேசியத் திரைப்படச் சபை தோன்றியது. அதன் முதல் ஆணையாளராக அவரே பொறுப்பேற்றார். போர்க்காலத்தில் சபை மிக விரைந்து வளர்ந்தது. பட அரங்கில்லாத கிராமங்களுக்கும் படக்கருவியைத் தூக்கிச் சென்று காட்டும் ஊழியரை அது நியமித்தது. படம் எடுப்பதற்கு மட்டுமன்றி, மக்களிடம் அதனைக் கொண்டு சேர்ப்பதற்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பது கிரியர்சன் உலகுக்குக் கற்பித்த பாடமாகும்.

பிற்காலம் அவருக்கு இனிதாக அமையவில்லை. 1945 இல் அவர் பதவி விலகியபின், கனடாவில் எழுந்த ஒற்றர் விவகாரத்தின் நிழல் அவர்மீதும் படிந்தது. குற்றம் எதுவும் சாட்டப்படாத போதிலும் அமெரிக்காவின் கதவு அவருக்கு அடைபட்டது. யுனெஸ்கோவிலும் பிரித்தானியாவிலும் சில காலம் பணியாற்றினார். ஸ்கொட்லாந்துத் தொலைக்காட்சியில் விவரணப் படங்களை அறிமுகஞ் செய்தார். முதுமையில் கனடா திரும்பி மக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவருக்குக் கற்பித்தார். 1972 பெப்ரவரி 19 ஆம் நாள் இங்கிலாந்தின் பாத் நகரில் காலமானார்.

அவர் விதைத்த கருத்து இலங்கையிலும் முளைத்தது. 1948 இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தோன்றியது. பிரித்தானிய விவரணப் பட மரபில் வந்த ரல்ப் கீன் அங்கு பணியாற்ற வந்தார். அவரோடு பணிபுரிந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் பின்னர் வெளியேறி, 1956 இல் 'ரேகாவ'வைப் படைத்துச் சிங்களச் சினிமாவுக்குப் புது வழி காட்டினார். கிரியர்சன் மறைந்த 1972 ஆம் ஆண்டிலேயே, பின்னர் தேசியத் திரைப்படக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்ற அரச திரைப்படக் கூட்டுத்தாபனமும் தொழிற்படத் தொடங்கியது.

ஆனால் அரசாங்கத் திரைப்படப் பிரிவு பிறந்த அதே 1948 இல்தான், பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டின் பிரசையாக ஏற்கப்படாதவனுக்குத் தேசியத் திரையில் யார் இடமளிப்பார்? தோட்ட வாழ்வைத் திரையிலே காட்டும் முயற்சி தனியார் சிலரின் துணிவினாலேயே நடைபெற வேண்டியிருந்தது. 1963 இல் 'தோட்டக்காரி' வெளிவந்தது. 1975 இல் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 'புதிய காற்று' என்னும் படத்தைத் தந்தார். தொழிலாளர் மத்தியில் வாழ்ந்த ஒருவரே கதாநாயகனாக நடித்தமை அப்படத்தின் தனிச்சிறப்பு.

கனடாச் சபை 1967 இல் மற்றோர் அடி எடுத்து வைத்தது. போகோ தீவின் ஏழை மீனவரைப் படமெடுத்து, அப்படங்களை அவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் தம் குறைகளைத் தாமே பேசி ஆராய வழி செய்தது. மீனவனைக் கதாநாயகனாக்கியவர் நிறுவிய சபை, நாற்பதாண்டுக்குள் மீனவனுக்குக் குரலும் கொடுத்தது.

கலைக்கு அரசு உதவ வேண்டும் என்பதில் இன்று இரு கருத்துக்கு இடமில்லை. உதவும் பணம் எவருடையது, அப்பணத்தில் எடுத்த படத்தில் அவருக்கு வாயுண்டா என்பதையும் உடன் கேட்க வேண்டும். கிரியர்சனின் வாழ்வைக் கற்கும் மாணவர், 'இலங்கையின் பாட'லைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதன் அழகில் தோயட்டும். வாணிபக் குரல்களின் நடுவே பேச்சின்றி உழைப்பவர் தம் பாட்டியின் தலைமுறையினர் என்பதையும் நினைவிற் கொள்ளட்டும்.