ஓஹாயோ கப்பலின் கேப்டன் டட்லி மேசன்



போர் வீரர் என்றாலே துப்பாக்கியும் யூனிஃபார்மும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். நான் எழுதப்போகிறவர் ராணுவத்திலும் இல்லை, கடற்படையிலும் இல்லை. எண்ணெய் ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலின் கேப்டன். பெயர் டட்லி வில்லியம் மேசன்.

இவர் 1901-ல் இங்கிலாந்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே ஈகிள் ஆயில் கம்பெனியில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்து, படிப்படியாகக் கேப்டன் ஆனார். 40 வயது வரை இவரை வெளியே பெரிதாக யாருக்கும் தெரியாது. பிறகு 1942 ஆகஸ்டில் ஆறே நாட்களில் உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

அதற்கு முதலில் மால்டா தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேப்பில் இத்தாலிக்குக் கீழே பாருங்கள், ஒரு புள்ளி மாதிரி இருக்கும். மொத்தமே 316 சதுர கிலோமீட்டர்தான். இரண்டாம் உலகப்போரில் அது ஆங்கிலேயர் வசம் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் சண்டையிட்ட ஜெர்மன், இத்தாலியப் படைகளுக்குப் போகும் சரக்குக் கப்பல்களை இங்கிருந்துதான் தாக்கினார்கள். எதிரிகள் சும்மா இருப்பார்களா? 1940 ஜூனில் இருந்தே குண்டு மழை. கடல்வழியும் அடைபட்டது. 1942 ஜூனில் இரண்டு பக்கமிருந்தும் புறப்பட்ட 17 சரக்குக் கப்பல்களில் 2 மட்டுமே போய்ச் சேர்ந்தன. ரொட்டி ரேஷன், எண்ணெய் ரேஷன். நம்ம ஊரில் மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் கேனை வைத்துக் காத்துக் கிடந்த கதையைப் பாட்டிமார் சொல்வார்கள். மால்டாவில் வரிசை இருந்தது, எண்ணெய்தான் இல்லை. செப்டம்பருக்குள் எதுவும் வராவிட்டால் சரணடைய வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

கடைசி முயற்சியாக 14 சரக்குக் கப்பல்களை அனுப்பினார்கள். காவலுக்கு 2 பெரிய போர்க்கப்பல்கள், விமானந்தாங்கிக் கப்பல்கள், குரூசர்கள், 30-க்கும் மேற்பட்ட நாசகாரிக் கப்பல்கள்! அந்த 14-ல் எண்ணெய்க் கப்பல் ஒன்றே ஒன்றுதான். அதுதான் அமெரிக்காவிடம் வாங்கிய ஓஹாயோ. சுமார் 11,500 டன் எண்ணெயோடு அதை ஓட்டிப் போனவர் மேசன். ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று அதில் ஏறிய எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 11-ல் ஈகிள் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. மறுநாள் மாலை ஆக்ஸம் என்ற இத்தாலிய நீர்மூழ்கி ஒரே வீச்சில் விட்ட டார்பிடோக்கள் மூன்று கப்பல்களைத் தாக்கின. அதில் ஒன்று ஓஹாயோ. பக்கவாட்டில் 24 அடிக்கு 27 அடி ஓட்டை, நம் வகுப்பறை அளவு! தீயும் பிடித்தது. மேசனின் ஆட்கள் தீயை அணைத்தார்கள். திசைகாட்டி போச்சு. மேலிருந்து சுக்கானைத் திருப்ப முடியவில்லை, பின்பக்கம் போய்க் கையால் திருப்பினார்கள். இருட்டில் லெட்பரி என்ற நாசகாரிக் கப்பல் பின்னால் சின்ன விளக்கோடு முன்னே போக, ஓஹாயோ அதைப் பார்த்தே தொடர்ந்தது.

13-ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம் ஒன்று மேல்தளத்திலேயே வந்து விழுந்தது. பக்கத்தில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியில் பாய்லர் அணைந்து இன்ஜின் நின்றது. கட்டி இழுத்துப் பார்த்தார்கள், நகரவில்லை. மேசன் ஆட்களை இறக்கி நாசகாரிக் கப்பலுக்கு மாற்றினார். பிறகு திரும்ப ஏறினார்கள். மறுபடி குண்டு, மறுபடி இறங்கினார்கள்.

கேப்டன் கப்பலை விட்டு இறங்கலாமா, அது பயம் இல்லையா என்று என் நண்பன் கேட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்ஜின் ஓடாமல் நிற்கும் எண்ணெய்க் கப்பலில் உட்கார்ந்திருந்தால் சாவதைத் தவிர அங்கே வேலை எதுவும் இல்லை. வேலை வந்தபோதெல்லாம் மேசன் திரும்பி ஏறினார், அவர் ஆட்களும் கூடவே ஏறினார்கள். பயந்தவன் இரண்டாம் முறை ஏறுவானா?

கடைசியில் இரண்டு பக்கமும் இரண்டு நாசகாரிக் கப்பல்களைச் சேர்த்துக் கட்டினார்கள், நடக்க முடியாதவரை இருவர் தோளில் தாங்கி வருவது போல. சைக்கிள் வேகம்கூட இல்லை. இவ்வளவு ஓட்டையோடு எப்படி மிதந்தது? எண்ணெய் தண்ணீரை விட லேசு, அதுவும் தனித்தனித் தொட்டிகளில் இருந்தது. அறிவியல் பாடத்தில் படித்த அடர்த்திதான்!

1942 ஆகஸ்ட் 15 காலை, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் தளம் தெரிய, ஓஹாயோ மால்டா துறைமுகத்துக்குள் வந்தது. கோட்டைச் சுவர்களில் ஜனங்கள் கூடி ஆரவாரம் செய்தார்கள், பேண்ட் வாசித்தார்கள். 14-ல் வந்து சேர்ந்தவை 5 தான். 500-க்கும் மேற்பட்டவர்கள் கடலில் உயிரிழந்தார்கள். எண்ணெயை இறக்க இறக்க ஓஹாயோவும் இறங்கி, துறைமுகத்தின் அடித்தரையில் உட்கார்ந்துவிட்டது.

மேசனுக்கு அந்தச் செப்டம்பரில் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்பு, ஏப்ரலில், அதே விருதை மால்டா தீவு முழுவதற்கும் கொடுத்திருந்தார்கள். தீவுக்கும் கேப்டனுக்கும் ஒரே பதக்கம்! அவருடைய முதன்மை இன்ஜினியர் ஜேம்ஸ் வைல்டும் விருது பெற்றார்.

ஓஹாயோ அதன் பிறகு பயணமே போகவில்லை. இரண்டாக உடைந்த அதை 1946-ல் கடலுக்குள் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். மேசன் 1987-ல் காலமானார். கப்பல் வந்த ஆகஸ்ட் 15 மாதா திருநாள் என்பதால், மால்டா மக்கள் அந்தக் கப்பல் அணியைச் சாந்தா மரியா அணி என்றுதான் சொல்கிறார்கள்.