வன்றொண்டரும் இறைவன் வாக்கும்

ஆலாலசுந்தரர் திருக்கயிலையினின்றும் மானிடப் பிறவிக்கு விடைகொண்ட ஞான்று வேண்டியது ஒன்றே. மயக்குறும் பொழுது தடுத்து ஆண்டருளல் வேண்டும் என்பது அது. இறைவனும் இசைந்தருளினான். நம்பியாரூரர் வரலாறு முழுவதையும் அவ்விசைவோடு வைத்தே நோக்கல் வேண்டும் என்பது நமது துணிபு.

திருநாவலூரிற் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகவாய்த் தோன்றி, நரசிங்கமுனையரையரால் மகன்மை கொண்டு வளர்க்கப்பெற்ற நம்பிகளுக்குக் கயிலையில் வேண்டியது நினைவில் இல்லை. புத்தூரிற் சடங்கவி சிவாசாரியர் மகளாரை மணக்கும் பந்தரில், தண்டூன்றிய முதிய அந்தணர் ஒருவர் புகுந்து, இவர் நமக்கு வழியடிமை என வழக்குரைத்தார். நம்பிகள் நகைத்தார்; பித்தரென இகழ்ந்தார்; ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வேண்டிய அருள் நேர்நின்றபோது வேண்டியவரே அதனைப் பகையென்று தள்ளினார். கிழிந்தது படியோலையே, மூலவோலை முதியவர் கையில் இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார், பாட்டனார் கையெழுத்தினை அவர்தம் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கி, நம்பிகள் தோற்றார் என முடிபு கூறினர். தோல்வியன்றோ அவர் பெற்ற வரம்!

இளமையில் இப்பகுதியைப் பாடங்கேட்ட நாளில், மணம் தடைப்பட்ட அம்மகளாரின் நிலை யாதாயிற்று என்றே நாம் வருந்தினோம். அவரும் நம்பிகளையே நினைந்து சிவலோகம் எய்தினார் என 12-ஆம் நூற்றாண்டினராய சேக்கிழார் கூறியிருத்தலைப் பின்னரே உணர்ந்தோம்.

திருவொற்றியூர் நிகழ்ச்சி இதற்கு மறுதலை. சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுறல் வேண்டியபோது, இறைவன் அப்பொழுது கோயிலை நீங்கி மகிழின்கீழ் இருத்தல் வேண்டும் என நம்பிகள் இரந்தார். அதற்கும் இறைவன் இசைந்தான். மகிழின்கீழே சூள்கொள்ளுமாறு சங்கிலியார்க்கும் கனவில் உணர்த்தினான். இஃதென்ன தோழமை எனச் சிலர் ஐயுறுவர். மகிழின்கீழ் இருப்போம் என்ற சொல் பிழைபட்டதா? இல்லை. அங்ஙனம் அவன் ஆண்டு இருந்தமையாலேயே நம்பிகள் சூளும் அவன் திருமுன் செய்ததாயிற்று.

திருவாரூரை நினைந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் அவர்தம் இரு கண்ணும் மறைந்தன. திருவெண்பாக்கத்தில் முறையிட்டார்க்குக் கிடைத்தது ஊன்றுகோல் ஒன்றே. முன்னாளில் மணப்பந்தருக்குத் தண்டூன்றி வந்தவன், இந்நாளிற் கண் தாராது கோல் தந்தான்! இடக்கண் கச்சியிலும் வலக்கண் ஆரூரிலுமே பெறப்பட்டன. அவ்விருள்வழி நெடுகிலும் நம்பிகள் பிறிதொரு வாயிலை நாடினாரல்லர். வாக்களித்தவனோடே பிணங்கினார், அவனையே பாடினார். 7-ஆம் திருமுறையின் 100 பதிகங்களுள் அந்நாட்களிற் பாடியனவும் உள.

முடிவில் திருவஞ்சைக்களத்தில், மனைவாழ்க்கை போதும் என விண்ணப்பித்தார். கயிலையினின்றும் வெள்ளானை வந்தது.