தந்தை பெயர் அறியா உளநூலறிஞர்

ஆசிரிய கலாசாலைகளிற் பயின்றோர் எரிக் எரிக்சன் என்னும் பெயரைக் கேளாதிருத்தல் அரிது. மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தவர் என்று குறிப்பேட்டில் எழுதிப் பரீட்சையில் ஒப்புவித்து மறந்துவிடுகின்றோம். வகுத்தவரின் வாழ்வை அறியாது அப்பருவங்களை மனனம் பண்ணுதல், உரையை விட்டுச் சூத்திரத்தை மாத்திரம் நெட்டுருச் செய்தலை ஒக்கும் என்பது என் கருத்து.

எரிக் 1902ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேட் நகரிற் பிறந்தார். தாய் கார்லா, கோப்பன்கேகனைச் சேர்ந்த யூதகுலப் பெண். பெற்ற தந்தை இன்னாரென்பதை அவர் மகனுக்குக் கடைசிவரை தெளிவுறக் கூறினாரல்லர். 1905இல் கார்ல்சுரூ நகரத்துக் குழந்தை வைத்தியர் தியடோர் ஓம்பேர்கரை அவர் மணந்தார். அவரே தகப்பன் என்று நம்பும்படி சிறுவனை வளர்த்தனர். பொன்னிற மயிரும் நீல விழியும் நெடிய உடலுங் கொண்ட அப்பிள்ளையை யூதர் தம் தொழுகைக் கூடத்தில் அந்நியன் என்றனர். பள்ளித் தோழரோ யூதன் என்று ஒதுக்கினர். உண்மை மெல்லக் கசிந்தபோது, யான் யார் என்னும் வினா அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் அவர் பெற்றாரல்லர். தூரிகையுங் கையுமாக ஐரோப்பாவில் அலைந்து திரிந்தவரை, 1927இல் நண்பர் பீற்றர் புளொஸ் வியன்னாவிலிருந்த சிறு பள்ளியொன்றுக்கு ஆசிரியராக அழைத்தார். சிக்மன்ட் புறொயிட்டின் மகள் அன்னாவின் சார்பில் இயங்கிய பள்ளி அது. ஆசிரியத் தொழிலே அவருக்கு உளநூலின் வாயிலைத் திறந்தது என்பதை நம்மவர் கவனித்தல் வேண்டும். அன்னாவிடமே உளப்பகுப்பாய்வு பயின்றார். 1930இல் கனடா தேசத்து நங்கை யோனை மணந்தார். 1933இல், ஜேர்மனியில் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றிய ஆண்டில், வியன்னாவை நீங்கி டென்மார்க்கு வழியாக அமெரிக்கா சேர்ந்தார். 1939இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்று புதுப்பெயர் சூடினார். எரிக்கின் மகன் என்பது அதன் பொருள். தந்தை பெயர் அறியாதவர் தமக்குத் தாமே தந்தையாயினார் போலும்!

குழந்தைப் பருவமும் சமுதாயமும் பற்றி அவர் 1950இல் வெளியிட்ட நூலில் எட்டுப் பருவங்களும் விளக்கம் பெற்றன. பருவந்தோறும் இரு நிலைகள் ஒன்றோடொன்று பொருதுகின்றன என்பது அவர் கொள்கை. தாய்மடியிற் கிடக்குங் குழவி, உலகை நம்பலாமா ஆகாதா என்பதைக் கற்கின்றது. பள்ளிச் சிறுவன் முயற்சியின் சுவையை அறிகின்றான். அது தவறின் தாழ்வுணர்ச்சி அவனைப் பற்றுகின்றது. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பருவம் இதுவன்றோ! ஒரு சிவப்பு மைக்கோடு ஒரு பிள்ளையை எப்பக்கஞ் சாய்க்கும் என்பதை யான் வகுப்பறையிற் பன்முறை கண்டதுண்டு. அடுத்துவரும் கட்டிளமையில், தான் யார் என்னுந் தெளிவே போராட்டப் பொருள். இப்பருவத்தை அவர் ஏனையவற்றினும் விரித்துரைத்ததன் காரணத்தை இனிச் சொல்ல வேண்டுவதில்லை. நம் உலாப் புலவர்கள் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங் கண்டு நாற்பது வயதோடு நின்றனர். எரிக்சனோ முதுமையையும் வளர்ச்சிப் பருவமாகவே கொண்டார்.

ஆயினும் வாசிப்போரைத் திடுக்குறச் செய்யுஞ் செய்தி ஒன்றுண்டு. 1944இல் அவருக்கு டவுன் நோய்க்குறியுடன் ஒரு மகன் பிறந்தான். குழவியைத் தாயின் மடிக்குத் தராமலே பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டனர். அது பிறந்தவுடன் இறந்துவிட்டதென்று வீட்டிலிருந்த பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. அவனோ அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தான். அக்காலத்து வைத்தியர் பலரும் அவ்வாறே ஆலோசனை கூறினர் என்பது மெய்யே. எனினும் நம்பிக்கையே வாழ்வின் முதற்படி என்று உலகுக்கு உரைத்தவர், தமக்கு மறைக்கப்பட்டது போலத் தம் மக்களுக்கும் மறைத்தார். இதனை மூடி அவர் புகழ் பாட என் மனம் ஒப்பவில்லை.

1960இல் ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1918ஆம் ஆண்டு அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை நடுவாக வைத்துக் காந்தியடிகளைப் பற்றி எழுதிய நூல் 1969இல் வெளிவந்து, மறு ஆண்டு புலிற்சர் பரிசு பெற்றது. அந்நூலின் இடையே மகாத்மாவை நேர்நின்று விளித்து, தம்மை நெருங்கியோரிடம் அவர் காட்டிய கடுமையை எரிக்சன் இடித்துரைக்கின்றார். அப்பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் அம்மகனின் நினைவே எனக்கு எழுகின்றது.

எரிக்சன் 1994ஆம் ஆண்டு தமது 91ஆம் வயதிற் காலமானார். முதுமைப் பருவத்தை வகுத்த காலத்தில் அவருக்கும் யோனுக்கும் ஐம்பது வயதும் நிரம்பவில்லை. தொண்ணூறைக் கடந்த யோன், கணவரின் பழைய நூலொன்றுக்கு ஒன்பதாம் பருவத்தைச் சேர்த்தெழுத, அது 1997இல் அச்சேறியது. முன்னைய வரிசையை அதில் அவர் மாற்றிவிட்டார். நம்பிக்கையின்மையை முன்னும் நம்பிக்கையைப் பின்னும் வைத்தார்.