பெற்றதைத் திருப்பித் தந்த பெருமகன் – அறிஞர் சித்திலெப்பை

எமது பழைய மாணவியர் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், எமக்கு எழுத்தறிவு கிடைக்க வழிசெய்தோரை நினைப்பது முதற் கடமையாகும். கலகெதரயிலும் சுற்றூர்களிலும் பிறந்து, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏறிய நாம் சிறு வயதிலேயே கேட்டுப் பழகிய பெயர், அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை.

1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையார் இந்நாட்டின் முதல் முஸ்லிம் பிரக்கிராசிகளுள் ஒருவர். தமிழும் அரபும் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்தன, ஆங்கிலமும் கற்றார். இருபது வயதுகளிலேயே தாமும் பிரக்கிராசியானார். கண்டி மாநகர சபை நீதிமன்றில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். பெயரும் வருமானமும் சேர்ந்த வாழ்வு அது. கிடைத்ததற்குச் சுக்ருச் செய்துவிட்டு அமைதியாக இருந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

ஆனால் தமக்குக் கிடைத்த கல்வி, அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காததை அவர் கண்டார். அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷனரிமார் நடத்தியவை. பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுவிடுவார்களோ என்று அஞ்சிய பெற்றோர் ஆண் மக்களையே அனுப்பத் தயங்கினர். பெண் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே எழவில்லை. அச்சம் நீங்க வேண்டுமாயின் தமது சமூகமே பாடசாலை அமைக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். சட்டத் தொழிலை விட்டு அப்பணியில் இறங்கினார்.

1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கி, கல்வியின் தேவையைத் தமிழில் எடுத்துரைத்தார். 1883 இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்த ஒராபி பாஷாவுடன் நட்புக் கொண்டார். 1885 இல் வெளிவந்த அவரது ‘அசன்பே சரித்திரம்’, இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. கொழும்பில் 1884 இல் அவர் தொடங்கிய பாடசாலைக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. எதிர்ப்பும் ஏளனமும் கிடைத்தன. அவர் மனம் தளரவில்லை. வாப்பிச்சி மரைக்கார், ஒராபி பாஷா ஆகியோருடன் இணைந்து 1892 இல் மருதானையில் உருவாக்கிய கல்விக்கூடமே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

பெண்களாகிய நாம் தனித்து நினைக்க வேண்டிய ஒன்றுண்டு. கண்டி திருகோணமலை வீதியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென அவர் ஒரு பாடசாலை திறந்தார். அதை நடத்தும் பொறுப்பைத் தம் சகோதரி முத்து நாச்சியாவிடம் ஒப்படைத்தார். தம் வீட்டுப் பெண்ணே முன்வந்து நின்றதால், மற்ற வீட்டாரும் தம் பெண் மக்களை அனுப்பத் துணிவு பெற்றனர். சகோதரரின் பெயர் தெருவெல்லாம் ஒலிக்கிறது. சகோதரியின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நன்றி கூறும்போது பின்னால் நின்றவர்களையும் தேடிக் கூறுவதே முறை.

1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபது வயது நிறையுமுன்பே அவர் காலமானார். நட்ட மரங்களின் கனியை அவர் உண்ணவில்லை. எனினும் அது குறைபட்ட வாழ்வன்று. பெற்றதை எண்ணி மகிழ்ந்தவர் பலர். பெற்றதைப் பிறருக்கும் உரியதாகக் கருதியதால் அவரது வாழ்வு தன் வீட்டைத் தாண்டி விரிந்தது. 1977 இல் அரசு அவருக்கு முத்திரை வெளியிட்டுச் சிறப்பித்தது. கண்டியில் ஒரு பாடசாலையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புச் சகோதரிகளே, கலகெதரயில் இருப்பினும் கடல் கடந்து வாழினும், எமக்கு முதலெழுத்துக் கற்பித்த ஆசிரியையின் பெயரை இன்று ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். அவர் உயிருடன் இருந்தால் அழைத்துப் பேசுவோம். இல்லையேல், கொப்பி வாங்க வசதியில்லாத ஒரு மாணவியின் ஓராண்டுச் செலவை அவர் பெயரால் ஏற்போம். நூற்றாண்டு விழாவின் பந்தல் சில நாட்களிற் பிரிக்கப்படும். அந்தப் பிள்ளை படித்த படிப்பு அவளுடனேயே இருக்கும்.