இசை நாடக மன்னர் கிட்டப்பா



மேலை நாட்டார் பாடியே நடிக்கும் நாடகத்தை ஆப்பெரா என்பர். நம் தமிழர்க்கும் இசை நாடகம் உண்டு. அதன் முடிசூடா மன்னராகத் திகழ்ந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா ஆவார்.

அவர் 1906ஆம் ஆண்டு செங்கோட்டையில் பிறந்தார். குடும்பமோ வறுமையில் வாடியது. ஆகவே, சிறு வயதிலேயே தமையன்மாருடன் நாடக மேடை ஏறினார். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் இருந்தோர்க்கும் அவர்தம் குரல் தெளிவாகக் கேட்டது.

கொழும்பு மேடையில் தம்மோடு நடித்த கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளை 1927இல் மணந்தார். வள்ளி திருமண நாடகத்தில் அவர் பாடிய 'காயாத கானகத்தே' பாடல் இசைத்தட்டாகி நாடெங்கும் புகழ் பெற்றது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமளவே பாட இடந்தரும் தட்டு அது!

அந்தோ! குடிப்பழக்கம் அவருடைய உடலைக் கெடுத்தது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், 27ஆம் வயதிலேயே மறைந்தார். 25 வயதே நிரம்பிய சுந்தராம்பாள் அன்றுமுதல் வெள்ளுடை பூண்டார்; வேறெந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார்.

கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடித்ததில்லை. அவர் நடிப்பைக் கண்டோர் மறைந்தனர். குரல் மட்டும் இசைத்தட்டுகளில் வாழ்கிறது.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பெற்றோர்களே, அக்குரலை நம் பிள்ளைகள் கேட்கச் செய்வோம். மாணவர்களே, அவருடைய உழைப்பைக் கைக்கொள்வீர். அவரை வீழ்த்திய மதுவை என்றும் தீண்டாதிருப்பீர். அதுவே நாம் அக்கலைஞர்க்குச் செய்யும் அஞ்சலியாகும்.