அம்மையார் திறந்த கதவு

என் தாயார் பாம்பன் கடலில் பாசி எடுப்பவர். ஐம்பது வயதை நெருங்கியபோது, நள்ளிரவில் உடல் தீயாய்ச் சுட, வியர்வையில் நனைந்து எழுந்து திண்ணையில் வந்து அமர்வார். மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லை அது. ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசி, இரண்டாண்டுகள் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் மருத்துவரிடம்தான் சொன்னார். அன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நான் நினைத்துக்கொண்டேன்.

நமக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30இல் அம்மையார் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர்; தாயார் இசைவேளாளர் மரபில் வந்த சந்திரம்மாள். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912இல் பட்டம் பெற்றார். அங்கு தொடக்கக் காலத்தில் பட்டம் பெற்ற இந்தியப் பெண்களுள் இவரும் ஒருவர்.

1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947இல் அதற்குச் சட்டம் வந்தது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் பதவி துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் கண்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1968 ஜூலை 22இல் மறைந்தார்.

என் தாயாருக்கு மருத்துவர் விளக்கிய மருந்து அம்மையார் காலத்தில் இல்லாதது. சூலகத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதே இத்தொல்லைக்குக் காரணம். அந்தச் சுரப்புநீரைத் தாங்கிய சிறு பிளாஸ்திரியை அடிவயிற்றில் ஒட்டி, வாரம் இருமுறை மாற்றவேண்டும். மாத்திரையைப் போல் முதலில் கல்லீரலுக்குச் செல்லாமல், மருந்து தோல் வழியே நேராக இரத்தத்தில் கலக்கும். 1986இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. கருப்பை உள்ளவர்கள் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றாகலாம். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்குப் பொதுவாக இதைத் தருவதில்லை. ஆகவே மார்பகத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்த பிறகே முடிவு செய்யலாம் என்றார் மருத்துவர்.

மருந்து பிறகு வரட்டும். இது நோயல்ல, பைத்தியமுமல்ல என்று கேட்ட அன்றே என் தாயாரின் முகம் தெளிந்தது. அவர் கூசாமல் பேச எதிரே ஒரு பெண் அமர்ந்திருந்தார். அந்த நாற்காலிக்கு வழி செய்தவர் அம்மையார். தோழர்களே, தோழியரே, இன்று வீடு சென்றதும் உங்கள் தாயாரிடம் இரவில் உறக்கம் வருகிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.