அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை!

குட்டீஸ்... பள்ளி மைதானத்திலோ, பூங்காவிலோ இரண்டு இரும்புக் கம்பிகள் அருகருகே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 'பேரலல் பார்' என்று சொல்வோமே, அதேதான். அதன் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, கால்களைத் தரையிலிருந்து தூக்கிக் கொண்டு நின்று பாருங்கள். பத்து எண்ணுவதற்குள் தோள் வலிக்கும், கை நடுங்கும். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த நமக்கே இந்தப் பாடு!

ஆனால், ஒருவர் இருந்தார். அவருடைய 23வது வயதில் எடை வெறும் 40 கிலோ. எலும்பும் தோலுமாக வீட்டு வாசலில் வந்து நின்றபோது, பெற்ற தாய்க்கே அவரை அடையாளம் தெரியவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, அதே மனிதர் ஒலிம்பிக் போட்டியில் உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீரராகத் தங்கப் பதக்கம் வாங்கினார்!

அவர் பெயர் விக்டர் சுக்காரின். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் தெரிந்து கொள்ளப் போகிறீர்கள்.

துறைமுக நகரத்துச் சிறுவன்

1921ம் ஆண்டு நவம்பர் 9ம் தேதி, இன்றைய உக்ரைன் நாட்டின் கிழக்குப் பகுதியில் ஒரு கிராமத்தில் விக்டர் பிறந்தார். அப்பா கோசாக் இனத்தவர். அம்மா கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்தவர். அஸோவ் கடலோரம் இருக்கும் மரியுபோல் என்ற துறைமுக நகரத்தில்தான் விக்டர் வளர்ந்தார். அந்தப் பகுதி அப்போது சோவியத் யூனியன் என்ற பெரிய நாட்டின் ஓர் அங்கமாக இருந்தது.

பள்ளியில் படிக்கும்போதே ஜிம்னாஸ்டிக்ஸ் அவர் மனதைப் பிடித்துக் கொண்டது. கம்பியில் தொங்குவதும், சுழல்வதும், குதித்து நேராக நிற்பதும் அவருக்கு விளையாட்டாகவே இருந்தது. பிறகு கீவ் நகருக்குச் சென்று உடற்கல்வி படித்தார். இருபது வயதை எட்டுவதற்குள் உக்ரைனின் சிறந்த வீரர்களில் ஒருவராகி விட்டார். அடுத்து என்ன? பெரிய போட்டிகள், பெரிய பதக்கங்கள் என்று கனவு கண்டிருப்பார் இல்லையா?

அந்தக் கனவின் மேல் குண்டு விழுந்தது. 1941ம் ஆண்டு ஜூன் 22ம் தேதி, ஹிட்லரின் ஜெர்மனிப் படைகள் சோவியத் யூனியனுக்குள் புகுந்தன. விக்டர் ராணுவத்தில் சேர்ந்து, பீரங்கிப் படைப்பிரிவில் பணியாற்றினார். அதே ஆண்டில், பொல்டாவா என்ற ஊர்ப் பக்கம் நடந்த சண்டையில் காயம் அடைந்தார். எதிரிகள் அவரைச் சிறைபிடித்தனர்.

பெயர் போய் எண் வந்தது

அன்று தொடங்கிய துன்பம் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நீடித்தது. ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாம். அங்கிருந்து வேறொரு முகாம்... இப்படி மொத்தம் 17 முகாம்களில் அவரை அடைத்து வைத்தனர். அவற்றில் ஒன்று, ஜெர்மனியின் வைமர் நகருக்குப் பக்கத்தில் இருந்த புக்கன்வால்ட் வதை முகாம். அங்கே கைதிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கும். விக்டரின் எண் 10491.

அந்தப் போரில் ஜெர்மனியிடம் பிடிபட்ட சோவியத் வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உயிரோடு திரும்பவில்லை. பசி, குளிர், நோய், ஓயாத வேலை, கொலை... இவற்றில் ஏதாவது ஒன்று அவர்களைக் கொண்டு போனது.

குட்டீஸ், நம் உடம்புக்கு உணவு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு கரையும். அதுவும் தீர்ந்த பிறகு, தசையையே கரைத்து உடம்பு உயிரைக் காப்பாற்றிக் கொள்ளும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரருக்குச் சொத்தே தசைதான். விக்டர் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த அந்தச் சொத்து முழுவதும், அந்த முகாம்களில் கரைந்து போனது.

1945ல் ஜெர்மனி தோற்கும் நேரம் நெருங்கியது. அப்போது விக்டர் உள்ளிட்ட கைதிகளை ஒரு படகில் ஏற்றி, வெடிப் பொருட்களோடு சேர்த்துக் கடலில் விட்டு விட்டார்கள் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். படகு வெடித்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். நல்லவேளையாக, அந்த வழியே வந்த பிரிட்டிஷ் கப்பல் அவர்களைக் காப்பாற்றியது.

தலையில் இருந்த தழும்பு

விக்டர் ஊர் திரும்பினார். கன்னம் ஒட்டி, கண்கள் குழிந்து, குச்சி போல் வந்து நின்ற இளைஞனைப் பார்த்த அம்மாவுக்கு, இவன் யார் என்றே புரியவில்லை. தன் மகன்தான் என்று நம்பவும் முடியவில்லை. விக்டர் சிறுவனாக இருந்தபோது தலையில் அடிபட்டு ஏற்பட்ட தழும்பு ஒன்று உண்டு. அந்தத் தழும்பைப் பார்த்த பிறகுதான், மகனைக் கட்டிக் கொண்டு அழுதார் அந்தத் தாய்.

வீடு திரும்பியதோடு கஷ்டம் முடிந்து விடவில்லை. எதிரியிடம் பிடிபட்டு மீண்டு வந்த வீரர்களைச் சோவியத் அரசு அப்போது சந்தேகத்தோடு பார்த்தது. சாகாமல் திரும்பி வந்ததே குற்றம் என்பது போல அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உடம்பில் பலமும் இல்லை. ஊரில் முழு நம்பிக்கையும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர், ஏதாவது ஒரு சின்ன வேலையைத் தேடிக் கொண்டு ஓய்வாக இருந்து விடலாம் என்றுதான் நினைப்பார்.

விக்டர் அப்படி நினைக்கவில்லை. மறுபடியும் கம்பியைப் பிடித்தார்.

பிறகு, மேற்கு உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்து உடற்கல்வி நிறுவனத்தில் சேர்ந்து படித்தார். கூடவே பயிற்சியும் செய்தார். முன்பு எளிதாகச் செய்த வித்தைகளை எல்லாம், புதிதாகக் கற்கும் சிறுவனைப் போல் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

1946ம் ஆண்டு, சோவியத் தேசியப் போட்டியில் கலந்து கொண்டார். எத்தனையாவது இடம் தெரியுமா? பன்னிரண்டு! மேடையில் ஏறவும் முடியாது, பதக்கமும் கிடையாது. ஆனால், ஓராண்டுக்கு முன் நிற்கவே பலமில்லாமல் இருந்தவருக்குப் பன்னிரண்டாவது இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள்.

1947ல் ஐந்தாவது இடத்துக்கு முன்னேறினார். 1948ல் பேரலல் பார் கருவியில் முதலிடம். 1949ல் எல்லாக் கருவிகளையும் சேர்த்து நாட்டிலேயே முதலிடம்! 1950, 1951ம் ஆண்டுகளிலும் அவரே சாம்பியன். ஏணியில் ஒரு படியைக் கூடத் தாண்டிக் குதிக்காமல், ஒவ்வொரு படியாக ஏறி உச்சிக்கு வந்து விட்டார்.

ஆறு கருவி, பன்னிரண்டு பரீட்சை

எல்லாக் கருவிகளையும் சேர்த்து நடக்கும் போட்டிக்கு, 'ஆல் ரவுண்ட்' என்று பெயர். ஆண்களுக்கு ஆறு பிரிவுகள் உண்டு. தரையில் செய்யும் பயிற்சி, கைப்பிடிகள் வைத்த 'குதிரை' மேல் கைகளை ஊன்றிக் கால்களைச் சுழற்றுவது, அந்தரத்தில் தொங்கும் வளையங்கள், ஓடி வந்து தாண்டும் 'வால்ட்', பேரலல் பார், உயரத்தில் இருக்கும் ஒற்றைக் கம்பி. இவைதான் அந்த ஆறு.

அந்தக் காலத்தில், ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு முறை செய்து காட்ட வேண்டும். முதலில், எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட பயிற்சி. அடுத்து, வீரர் தாமே அமைத்துக் கொண்ட பயிற்சி. ஆக மொத்தம் 12. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10 புள்ளிகள், கூட்டினால் 120.

கணக்கில் 100 வாங்கி, ஆங்கிலத்தில் கோட்டை விட்டால் வகுப்பில் முதலிடம் வர முடியுமா? அதே போலத்தான் இதுவும். ஒரு கருவியில் சறுக்கினாலும் போச்சு! எதில் பலம் குறைவோ, அதைச் சரி செய்து கொண்டே வருபவருக்குத்தான் இந்தப் பட்டம். விக்டருக்கு அது கைவந்த கலை. தன் உடம்பு முழுவதையுமே அப்படித்தானே அவர் மறுபடி சரி செய்திருந்தார்!

ஹெல்சிங்கியில் நான்கு தங்கம்

1952ம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் நடந்தது. சோவியத் யூனியன் கலந்து கொண்ட முதல் ஒலிம்பிக் அதுதான். விக்டருக்கு அப்போது வயது 30. முதல் முறையாக ஒலிம்பிக்குக்கு வரும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரருக்கு அது அதிகம்தான்.

ஆல் ரவுண்ட் போட்டியில் விக்டர் 115.70 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றார். அவருடைய அணியைச் சேர்ந்த கிராண்ட் ஷகின்யான் 114.95 புள்ளிகளுடன் வெள்ளி வென்றார். இந்த ஷகின்யானும் போரில் காலில் காயம் பட்டவர்தான். போர் தின்று துப்பிய இருவர், உலகமே பார்க்க முதல் இரண்டு இடங்களில் நின்றனர்!

அணிப் போட்டியிலும், குதிரை, வால்ட் ஆகிய கருவிகளிலும் விக்டருக்கே தங்கம். வளையத்திலும், பேரலல் பாரிலும் வெள்ளி. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவரை விட அதிகத் தங்கம் வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியிலும் ஆல் ரவுண்ட் பட்டம் அவருக்குக் கிடைத்தது. சம புள்ளிகள் எடுத்த தன் அணித் தோழர் முராதோவுடன் அதைப் பகிர்ந்து கொண்டார்.

மெல்போர்னில் நூலிழை வெற்றி

1956ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அடுத்த ஒலிம்பிக். விக்டருக்கு 35 வயது ஆகி விட்டது. எதிரே நின்றவர், ஜப்பானின் டகாஷி ஓனோ, வயது 25. சுறுசுறுப்பும் துல்லியமும் கொண்ட அபாரமான வீரர். பத்து வயது இளையவரோடு விக்டர் மோத வேண்டும்.

போட்டி முடிந்து புள்ளிகளைக் கூட்டினார்கள். ஓனோ 114.20. விக்டர் 114.25.

வித்தியாசம் 0.05 புள்ளி! அதாவது, ஒரு மதிப்பெண்ணை இருபது துண்டுகளாக வெட்டினால், அதில் ஒரே ஒரு துண்டு. எங்காவது முழங்கால் கொஞ்சம் வளைந்திருந்தாலோ, குதித்து நிற்கும்போது ஒரு கால் நகர்ந்திருந்தாலோ தங்கம் கை மாறியிருக்கும். பன்னிரண்டு பயிற்சிகளிலும் அந்தச் சின்னத் துண்டுகளைச் சிந்தாமல் காப்பாற்றியதால், மறுபடியும் அவரே ஒலிம்பிக் சாம்பியன் ஆனார்.

அதோடு அணிப் போட்டியில் ஒரு தங்கம், பேரலல் பாரில் ஒரு தங்கம், தரைப் பயிற்சியில் வெள்ளி, குதிரையில் வெண்கலம். நான்கு ஆண்டுகளுக்கு முன் பேரலல் பாரில் வெள்ளி வாங்கியவர், வயது ஏறிய பிறகு அதைத் தங்கமாக மாற்றிக் காட்டினார்.

இரண்டு ஒலிம்பிக்கிலும் சேர்த்து ஏழு தங்கம், மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம். மொத்தம் 11 பதக்கங்கள். விக்டர் பங்கேற்ற ஒலிம்பிக் பிரிவுகளில் ஐந்தில்தான் அவர் பதக்கம் இல்லாமல் திரும்பினார்.

ஆசிரியர் ஆன சாம்பியன்

போட்டிகளிலிருந்து விலகிய பிறகு, விக்டர் லிவிவ் நகரத்திலேயே தங்கினார். தான் படித்த உடற்கல்வி நிறுவனத்தில் ஆசிரியராகி, இளைஞர்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக் கொடுத்தார். 1984ம் ஆண்டு ஆகஸ்ட் 25ம் தேதி, தன் 62வது வயதில் காலமானார். லிவிவின் புகழ்பெற்ற லிச்சாகிவ் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். அந்த நகரத்தில் ஒரு தெருவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் வெறும் எண்ணாக இருந்தவரின் பெயர், இப்போது தெருப் பலகையில் இருக்கிறது!

குட்டீஸ்... விளையாட்டிலோ, படிப்பிலோ எப்போதாவது நீங்கள் பன்னிரண்டாவதாக வந்தால் சோர்ந்து போகாதீர்கள். விக்டர் சுக்காரின் அந்த இடத்தில்தான் மறுபடி ஆரம்பித்தார். அடுத்த முறை பேரலல் பாரைப் பிடிக்கும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக் கொள்ளுங்கள். இன்று பத்து எண்ணும் வரை நின்றீர்களா? நாளை பதினொன்று எண்ணிப் பாருங்கள்!

துளித் துளியாய்...

* ஒலிம்பிக் ஆல் ரவுண்ட் பட்டத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற ஆண்கள் நான்கு பேர்தான். இத்தாலியின் ஆல்பெர்ட்டோ பிராக்லியா (1908, 1912), விக்டர் சுக்காரின் (1952, 1956), ஜப்பானின் சவாவோ கடோ (1968, 1972), ஜப்பானின் கோஹெய் உச்சிமுரா (2012, 2016).

* மெல்போர்னில் 0.05 புள்ளியில் தங்கத்தைத் தவற விட்ட டகாஷி ஓனோ, 1960ல் ரோம் ஒலிம்பிக்கிலும் அதே 0.05 புள்ளியில் தவற விட்டார். அந்த முறை வென்றவர், மெல்போர்னில் விக்டரின் அணியில் இருந்த போரிஸ் ஷக்லின்!